விலையில்லாக் கருவியும் விலையுள்ள முத்திரையும்

தண்ணீர்ப்பந்தல் வைப்பவர் தாகத்தோடு வருவோரிடம் காசு கேட்பதில்லை. ஆயினும் பந்தலுக்கு மூங்கிலும் கீற்றும் வேண்டும், பானை வேண்டும், நாள்தோறும் நீர் சுமந்து ஊற்ற ஓர் ஆள் வேண்டும். குடிப்பவருக்கு இலவசம் என்பதனாலேயே கொடுப்பவருக்கும் செலவில்லை என்று ஆகிவிடாது. இந்தச் சிறிய உண்மையை மனத்திற் கொண்டால், இன்றையக் கணினித் தொழிலில் காணும் ஒரு புதிருக்கு நாம் விடை காணலாம்.

புதிர் இதுதான்: லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருளை உலகில் யாவரும் விலை கொடாமல் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஆனால் ‘இவர் லினக்ஸில் தேர்ந்தவர்’ என்று ஒரு சான்றிதழ் பெறவேண்டுமானால் நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம் கட்டியாக வேண்டும். கருவிக்கு விலையில்லை, அதைக் கையாளத் தெரியும் என்னும் முத்திரைக்கு விலையுண்டு. இது முறைதானா? அந்தப் பணம் எங்கே போகிறது? பணம் வரும் வழி வேறுபட்டால் முத்திரையின் மதிப்பும் வேறுபடுமா? நம் பள்ளிகளில் படித்து வெளியேறும் பிள்ளைகள் கணினித் தொழிலை நாடுங்கால் இத்தகைய சான்றிதழ்களைப் பற்றி ஆசிரியரிடம் கேட்கிறார்கள். விடை சொல்லும் பொறுப்பு நமக்கு இருப்பதால், இதனைச் சற்று ஆராய்வது நலம்.

உடையவர் இல்லாத பொருள்

மென்பொருள் என்பது கணினிக்கு மனிதன் எழுதித் தரும் கட்டளைத் தொகுதி. அதை எழுதிய வடிவம் மூலநிரல் எனப்படும். பெரும்பாலான கம்பெனிகள் மூலநிரலை மறைத்து வைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கின்றன. இவ்வழக்கத்திற்கு மாறாக, மூலநிரலை யாவர்க்கும் திறந்து வைக்கவேண்டும் என்று அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதனைக் குனூ உரிமத்தின்கீழ் வைத்தார். எடுத்துக்கொள், திருத்து, பகிர்; ஆனால் நீ பகிரும்போது இதே உரிமையைப் பெறுபவருக்கும் கொடு என்பதே அவ்வுரிமத்தின் சாரம்.

மாணவர் ஒருவர் தொடங்கிய அந்த வேலை இன்று எங்கும் பரவியுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் இருப்பது லினக்ஸ் கரு. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து லினக்ஸைக் கொண்டே இயங்கி வருகின்றன. ஆதலின் லினக்ஸ் அறிந்தவருக்கு வேலை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிந்தவர் யார் என்று யார் சொல்வது?

உடையவர் உள்ள பொருளானால் இக்கேள்விக்கு விடை எளிது. நோவெல், மைக்ரோசாப்ட் முதலிய கம்பெனிகள் தங்கள் மென்பொருளில் தேர்ந்தவர்க்குத் தாங்களே தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தன. தேர்ந்தவர் பெருகினால் சரக்கும் கூடுதலாக விற்கும். எனவே தேர்வினால் சிறிது நட்டம் வந்தாலும் அது விளம்பரச் செலவோடு போயிற்று. லினக்ஸுக்கோ உடையவர் இல்லை. முத்திரை குத்த உரிமை பெற்ற ஒருவரும் இல்லை; முத்திரைக்கான செலவைச் சரக்கு விற்ற இலாபத்தில் ஈடுகட்டக்கூடிய ஒருவரும் இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு தேர்வின் அடக்கவிலை

தேர்வு என்றால் வினாத்தாள் அச்சடிக்கும் செலவுதானே என்று வெளியார் நினைக்கலாம். ஆசிரியர்கள் அவ்வாறு நினைக்கமாட்டார்கள். ஒரு வகுப்புத் தேர்வுக்கே எத்தனை மணி நேரம் செல்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். ஒருவர் பிழைப்பு நம்பியிருக்கும் தொழில் தேர்வுக்கோ வேலை இன்னும் பன்மடங்கு.

முதலில், அத்தொழிலில் உள்ளோர் அன்றாடம் என்னென்ன வேலை செய்கிறார்கள், அவற்றுள் எவை முக்கியமானவை என்று கேட்டறிந்து தொகுக்கவேண்டும். அதிலிருந்து பாடத்திட்டம் பிறக்கும். லினக்ஸ் தேர்வுக் கழகத்தின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எடை குறிக்கப்பட்டிருக்கும். எடை 4 என்றால் 60 வினாக்களில் ஏறத்தாழ 4 வினாக்கள் அத்தலைப்பிலிருந்து வரும். பிறகு வல்லுநர்கள் வினாக்களை எழுதுகிறார்கள். அவற்றை ஒரு முன்னோட்டக் குழுவினரிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். நன்கு அறிந்தவர்கள் தவறவிட்டு, அறியாதவர்கள் சரியாக எழுதும் வினா பழுதுடைய வினா, அது கழிக்கப்படும். தேறுவதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைக் கூட மனம்போனபடி வைக்காமல் கணக்கிட்டு வைக்கிறார்கள். இவ்வளவும் முதற் செலவு. நூறு பேர் எழுதினாலும் நூறாயிரம் பேர் எழுதினாலும் இச்செலவு ஏறக்குறைய ஒன்றே.

அடுத்தது ஆளுக்கு ஆள் வரும் செலவு. தேர்வு மையம், கண்காணிப்பவர், அடையாளம் சரிபார்த்தல் ஆகிய இவற்றுக்கு ஒவ்வொரு கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு போய்விடும்.

மூன்றாவது செலவு சிலர் கண்ணுக்குப் படாதது. வினாக்கள் களவு போகின்றன. தேர்வெழுதியவர்கள் நினைவில் வைத்து வந்து விற்கிறார்கள். களவு போன வினாவை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டும். மென்பொருளும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருப்பதால் பழைய வினா தானாகவே செத்துப்போகும். ஆகவே தேர்வு என்பது ஒருமுறை கட்டி முடித்த மண்டபம் போன்றதன்று. ஓயாமல் தூர்வாரவேண்டிய கிணறு போன்றது.

இச்செலவை யார் தாங்குவது என்பதற்கு உலகம் இதுவரை கண்டுள்ள வழிகள் சில. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வணிகர் குத்தும் முத்திரை

ரெட் ஹாட் என்னும் அமெரிக்கக் கம்பெனி லினக்ஸைத் தொகுத்துத் தன் பெயரிட்டு நிறுவனங்களுக்கு வழங்குகிறது. மென்பொருளுக்கு விலை வாங்காமல், ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு பழுதுபார்த்தும் பாதுகாத்தும் தருவதே அதன் தொழில். இக்கம்பெனி 1990களின் இறுதியில் ரெட் ஹாட் பொறியாளர் தேர்வைத் தொடங்கிற்று. அத்தேர்வின் சிறப்பு யாதெனில், விடையைத் தெரிவு செய்து கட்டத்தை நிரப்பும் வேலை அதில் இல்லை. ஒரு கணினியின் முன் உட்கார வைத்து, இதைச் சீர்செய்க என்பார்கள். செய்து காட்டினால்தான் மதிப்பெண். ஆதலின் முதலாளிமார் அதனைப் பெரிதும் மதிக்கலாயினர்.

இம்முறையில் பணத்துக்குக் குறைவில்லை. பயிற்சி வகுப்பு, தேர்வுக் கட்டணம், சந்தா ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. தேர்வு அக்கம்பெனியின் சரக்கைத் தழுவியே நிற்கும். கம்பெனி கைமாறினால் தேர்வும் கைமாறும். 2019இல் ஐபிஎம் கம்பெனி ரெட் ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியபோது, அந்த முத்திரையும் அதனோடு சென்றது. பொதுவான கருவிக்குத் தனியார் முத்திரை என்ற முரண்பாடு தீரவில்லை.

கழகம் நடத்தும் தேர்வு

இம்முரண்பாட்டை முன்கூட்டியே உணர்ந்தவர்களும் இருந்தார்கள். 1998இல் டான் யார்க் என்பவர் ஒரு லினக்ஸ் இதழில் கட்டுரை எழுதி, எந்தக் கம்பெனியின் லினக்ஸையும் சாராத பொதுத் தேர்வு ஒன்று வேண்டும் என வாதாடினார். ஒத்த கருத்துடையோர் பல நாடுகளிலிருந்தும் மின்னஞ்சல் வாயிலாகக் கூடினர். 1999 அக்டோபரில் கனடாவில் இலாபநோக்கற்ற கழகமாக லினக்ஸ் புரொபெஷனல் இன்ஸ்டிடியூட் பதிவு பெற்றது. 2000 ஜனவரியில் அதன் முதல் தேர்வு வெளிவந்தது.

தொண்டர்கள் பாடத்திட்டம் வகுத்தனர், வினா எழுதினர். ஆயினும் அளவையியல் வல்லுநர்க்கும் தேர்வு மையத்துக்கும் தொண்டு மட்டும் போதாது, பணம் வேண்டும். தொடக்கத்தில் ஐபிஎம், சூசே, டர்போலினக்ஸ் முதலிய கம்பெனிகள் கொடை அளித்தன. ஒன்றோடொன்று போட்டியிட்ட கம்பெனிகளே ஒரே பந்தலுக்குக் கால் நட்டன என்பது கவனிக்கத்தக்கது. திறமையான ஆட்கள் பெருகினால் எல்லாருக்குமே நன்மை என்பதால் அவ்வாறு செய்தன.

கொடை நிலையானதன்று. கொடுப்பவர் இலாபம் குறைந்தால் கொடையும் குறையும். எனவே கழகம் காலப்போக்கில் தேர்வுக் கட்டணத்தையே முதன்மை வருவாயாகக் கொண்டது. முதல் நிலைச் சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றும் 60 வினா, 90 நிமிடம். 200 முதல் 800 வரையுள்ள அளவையில் 500 எடுத்தால் தேர்ச்சி. ஐந்தாண்டுக் காலம் செல்லும். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தன்னிடம் சான்று பெற்றுள்ளதாகக் கழகம் கூறுகிறது.

கட்டணம் ஒன்றையே நம்பாமல் இக்கழகம் வேறு வழிகளையும் முயன்றது. காம்ப்டியா என்னும் பெரிய தேர்வு அமைப்போடு 2010இல் உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி காம்ப்டியாவின் லினக்ஸ் பிளஸ் தேர்வு இக்கழகத்தின் வினாக்களைக் கொண்டே நடந்தது. அதில் தேறியவர் கழகத்தின் முதல் நிலைச் சான்றிதழையும் பெறலாம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று மாணவர்கள் மகிழ்ந்தனர். சிறிய கழகத்தின் வினாக்கள் பெரிய அமைப்பின் கடைவாயில் வழியே உலகுக்குச் சென்றன. 2019இல் அவ்வுடன்பாடு முடிவுற்றது. அதே ஆண்டில் கழகம் தன் பாடநூல்களை விலையில்லாமல் இணையத்தில் வெளியிடத் தொடங்கிற்று. வாணிக நோக்கமின்றி யாரும் அவற்றைப் படித்துப் பகிரலாம். அதன்பின் சான்று பெற்றவர்களை ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர்களாகச் சேர்த்து, ஆட்சிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையும் அவர்களுக்கு அளித்தது. மாணவராய் வந்தவர் சங்கத்தின் உறுப்பினராகிறார். வருவாயும் ஓரளவு நிலைபெறுகிறது.

அறக்கட்டளையின் வழி

மூன்றாவது வழி லினக்ஸ் பவுண்டேஷன் காட்டிய வழி. 2007இல் இரண்டு அமைப்புகள் ஒன்றிணைந்து தோன்றிய இந்நிறுவனத்துக்குப் பெரிய கம்பெனிகள் உறுப்பினர்களாக உள்ளன. உயர்நிலை உறுப்பினரின் ஆண்டுச் சந்தா ஐந்து இலட்சம் டாலர். கூகுள் கம்பெனி எழுதிய குபர்னெட்டிஸ் என்னும் மென்பொருள் 2015இல் இந்நிறுவனத்தின் கிளையொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 2017 முதல் அதற்கான நிருவாகியர் தேர்வு நடக்கிறது. தேர்வெழுதுபவர் தம் வீட்டிலிருந்தபடியே, கண்காணிப்பாளர் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மணி நேரம் கட்டளைகளை எழுதி வேலை செய்து காட்டவேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மூலநிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குபர்னெட்டிஸ் என்னும் பெயர் வணிகக் குறியாகப் பதிவு பெற்றது. பொருளைத் திறந்து வைத்துவிட்டுப் பெயரை மட்டும் காப்பதனால், சான்று வழங்குவதற்கு ஓர் அடிப்படை கிடைக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முன்பு மூன்றாண்டு செல்லுபடியான இச்சான்றிதழ் 2024 ஏப்ரல் முதல் இரண்டாண்டே செல்லும் என்று ஆயிற்று. மென்பொருள் விரைந்து மாறுவது உண்மை. மீண்டும் கட்டணம் வருவதும் உண்மை. இவ்விரண்டில் எது பெரிய காரணம் என்பதை வாசகர்களே சிந்திக்கலாம்.

தொண்டும் பங்குவரியும்

கட்டணத்தை இயன்றவரை குறைக்க முயன்றவர்களும் உண்டு. லினக்ஸின் ஒன்றுவிட்ட உறவு எனத்தக்க பிஎஸ்டி என்னும் மென்பொருளின் ஆர்வலர்கள் 2005இல் ஒரு சான்றிதழ்க் குழு அமைத்தனர். 2008இல் தேர்வு தொடங்கிற்று. தேர்வு மையங்களுக்குப் பங்கு கொடாமல், பிஎஸ்டி மாநாடுகள் கூடும் இடங்களில் தொண்டர்களே கண்காணிக்கத் தாளிலேயே தேர்வு வைத்தனர். கட்டணம் 75 டாலர் மட்டுமே. எண்ணம் உயர்ந்தது, ஆனால் மாநாட்டுக்குப் போக வாய்ப்பில்லாதவர் எழுதுவது எங்ஙனம்? தொண்டர் சோர்ந்தால் மாற்று யார்? 2018-19ஆம் ஆண்டுகளில் அத்தேர்வு மேற்சொன்ன கனடாக் கழகத்தோடு இணைந்து புது வடிவம் பெற்றது. கட்டணம் குறைந்தால் கை எட்டும் தூரமும் குறையலாம் என்பது இதிற் பெறும் பாடம்.

ஆசிரியர்களுக்கு அறிமுகமான எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறலாம். இணையவழி வகுப்பு நடத்த உதவும் மூடில் என்னும் திறந்த மூல மென்பொருளை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கினார். அதன் முதற் பதிப்பு 2002இல் வெளிவந்தது. மூடில் என்னும் பெயரைப் பயன்படுத்திப் பணிசெய்து பொருளீட்டும் பங்காளிக் கம்பெனிகள் தம் வருவாயில் பத்தில் ஒரு பங்களவு தலைமையகத்துக்குச் செலுத்தும் முறை அங்கே வழங்கி வந்தது. ஆசிரியர்க்கான மூடில் சான்றிதழும் உண்டு. எழுதும் ஆசிரியரின் கட்டணத்தை மட்டும் நம்பாமல், அப்பொருளால் ஈட்டுவோரிடம் பங்குவரி வாங்குவது இம்முறையின் அழகு.

பொதுநிதி

இன்னொரு வழி, அரசு வகுத்த பொதுநிதி. மலேசியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய மனிதவள மேம்பாட்டு நிதிக்கு, பத்துக்குக் குறையாத மலேசியத் தொழிலாளர்களை உடைய முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டுகின்றனர். அந்நிதியிலிருந்து தொழிலாளர் பயிற்சிக்குச் செலவிடலாம். சிங்கப்பூரில் 2016 முதல் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 500 வெள்ளி பயிற்சிக் கணக்கில் வைக்கப்பட்டது. 40 வயதை எட்டியவர்க்கு 2024இல் மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது.

இவை பாராட்டத்தக்க ஏற்பாடுகள். ஆயினும் யார் விடுபடுகிறார் என்பதையும் பார்க்கவேண்டும். முதலாளி கட்டும் நிதி ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கே பெரிதும் துணையாகும். 25 வயதில் திறக்கும் கணக்கு 19 வயதுப் பிள்ளைக்கு உதவாது. வேலை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும் என்று நிற்பவனே, சான்றிதழுக்குப் பணம் கொடுக்க ஆளில்லாமலும் நிற்கிறான். கனடாக் கழகம் அமெரிக்காவில் ஒரு தேர்வுக்கு 200 டாலர் வாங்கி வந்திருக்கிறது. நாட்டுக்கு நாடு அது வேறுபடும். அந்த அமெரிக்க விலையிலேயே இரண்டு தேர்வுக்கும் கட்டவேண்டுமானால், மலேசிய வெள்ளியில் ஏறத்தாழ 1,600 ஆகும். 2025 பிப்ரவரியில் மலேசியா விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 வெள்ளி. ஒரு மாதக் கூலியை ஒரு சான்றிதழில் வைத்து ஆடும் பந்தயம் அது. தேறாவிட்டால் பணமும் போயிற்று, துணிவும் போயிற்று.

திறந்த பாடம், மூடிய வினா

இங்கே ஓர் ஐயம் எழலாம். மூலநிரலைத் திறந்து வைத்தது போல வினாக்களையும் திறந்து வைத்தால் செலவு குறையாதா? பாடத்திட்டத்தைத் திறந்து வைக்கலாம்; பாடநூலையும் வைக்கலாம்; மேற்சொன்ன கழகம் அவ்வாறே செய்துள்ளது. வினாவைத் திறந்து வைத்தால் தேர்வு மனப்பாடப் போட்டியாகிவிடும். செய்முறைத் தேர்வானால் ஓரளவு தப்பலாம்; ஏனெனில் இன்ன வேலை வரும் என்று தெரிந்தாலும் அதைச் செய்து காட்டத்தான் வேண்டும். ஆனால் செய்முறைத் தேர்வு நடத்தும் செலவு மிகுதி. ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் செலவு நம்மை விட்டு விலகுவதில்லை.

பாடம் நடத்துபவரே தேர்வும் நடத்தினால் என்ன என்பது மற்றோர் ஐயம். தன் மாணவரைத் தானே தேற்றுவித்தால் ஊர் நம்பாது. ஆட்களுக்குச் சான்று வழங்கும் அமைப்புகளுக்கென அனைத்துலகத் தர அமைப்பு வகுத்த 17024 என்னும் விதித்தொகுதி, பயிற்சியால் வரும் ஆதாயம் தேர்வின் நடுநிலையைக் கெடுக்கலாகாது என்று வற்புறுத்துகிறது. பயிற்சியில் பணம் மிகுதி. தேர்வில் நம்பிக்கை மிகுதி. ஒன்றின் பணத்தால் மற்றதைத் தாங்கும்போது இடையில் ஒரு சுவர் வேண்டும்.

பணவழி பொய்த்தால் விளைவது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் தோன்றிய சேர் லினக்ஸ் தேர்வு கனடாக் கழகத்துக்கு நிகரான போட்டியாய் விளங்கிற்று. அதை ஒரு பயிற்சிக் கம்பெனி வாங்கியது. அக்கம்பெனியை அதனினும் பெரிய நிறுவனம் வாங்கியது. சில ஆண்டுகளுள் தேர்வு மறைந்துபோயிற்று. அதில் தேறியவர்கள் கற்ற கல்வி அவர்களிடமே இருந்தது. ஆனால் அவர்கள் கையிலிருந்த தாளைக் கேட்டறிவார் இல்லை. தேர்வு அமைப்பின் கணக்குப் புத்தகம் நமக்கு என்ன ஆயிற்று என்று மாணவர் இருந்துவிட முடியாது என்பதை இது காட்டுகிறது.

மாணவர்க்குச் சொல்ல வேண்டியவை

ஆகவே, சான்றிதழ் ஒன்றைப் பற்றி மாணவர் கேட்கும்போது ஆசிரியர் அவரை நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லலாம். இத்தேர்வை நடத்துபவர் யார், கம்பெனியா, கழகமா? நடத்துபவர்க்குப் பணம் எவ்வழியில் வருகிறது. அவ்வழி அடைபட்டால் வேறு வழி உண்டா? சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும். புதுப்பிக்க என்ன செலவு? நம் நாட்டு வேலை விளம்பரங்களில் இதன் பெயர் வருகிறதா? இவற்றுக்கு விடை கண்ட பின்னர்ப் பணம் கட்டுவதே அறிவுடைமை. அதற்கு முன், விலையில்லாப் பாடநூலையும் விலையில்லா லினக்ஸையும் எடுத்து, பழைய கணினி ஒன்றில் பழகிப் பார்க்கலாம். அதற்கு எவருடைய முத்திரையும் வேண்டியதில்லை.

நம் சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் இதில் ஒரு நல்ல பணி செய்யலாம். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒதுக்கி, நன்கு ஆயத்தமான பிள்ளைகள் சிலரின் தேர்வுக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்து, அவர்கள் வேலையில் அமர்ந்தபின் சிறுகச் சிறுகத் திரும்பப் பெற்று, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். எடுத்ததைத் திருத்திப் பிறர்க்கும் கொடு என்னும் அந்த உரிமத்தின் கருத்தும் இதுவேயன்றோ? பந்தலில் நீர் அருந்தியவர் ஒரு குடம் நீர் கொணர்ந்து ஊற்றிவிட்டுப் போனால், பந்தலும் நிற்கும். பின்னால் வருபவரின் தாகமும் தீரும்.